கருவாட்டுக் கூடையோடு போன போராட்டம்

மரக்காணம் பஜாரில் பந்தல், பாத்திரம், மைக் செட் மூன்றையும் வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. கடை என் பெயரில் இருந்தது. ஏணி ஏறுவதும் ஒயர் இழுப்பதும் என் வீட்டுக்காரர் வேலை. கடை என் பெயரில் இருந்த காரணத்தால் கடைக்காரர்கள் சங்கத்திலும் நான்தான் உறுப்பினர். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். கூட்டம் நடந்தால் கடைசியில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். 2005ஆம் வருடம் கோடை வரைக்கும் சங்கத்தில் நான் வாயைத் திறந்ததில்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் சங்கத் தலைவர் எல்லாரையும் தன் உப்பு மண்டிக்கு வரச் சொன்னார். பெரிய உப்பு வியாபாரி அவர். கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு பேனா. அந்தப் பேனாவால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. மண்டியில் நாற்காலி கிடையாது, உப்பு மூட்டைகளின் மேல்தான் உட்கார வேண்டும்.

"ரோட்ட ஒட்டி நம்ம உப்பளத்துக்குப் பக்கத்துல தரிசா ஒரு எடம் கெடக்குதுல்ல, அத குப்பக் கெடங்கா மாத்தப் போறாங்களாம்" என்றார் தலைவர். "ரெக்கார்டுல இன்னிய வரைக்கும் அது உப்பள நெலம். அத மாத்தி எழுதிட்டாங்கன்னா சுத்துப்பட்டு ஊரு குப்ப பூரா லாரி லாரியா நம்மகிட்ட வந்துரும். பிரிக்கிறாங்களாம், உரம் போடுறாங்களாம், ஏதேதோ சொல்றாங்க."

"வந்தா வரட்டுமே, நமக்கு இன்னா?" என்று யாரோ கேட்டார்.

"இன்னாவா? நாளைக்கு நான் வெளியூருக்கு மூட்ட அனுப்புனா, இது குப்பமேட்டு உப்பான்னு கேட்டுட்டுத்தான் லாரியிலேர்ந்து எறக்குவான்."

இதைக் கேட்டதும் ஒவ்வொருவருக்கும் தன் கடை ஞாபகம் வந்துவிட்டது. பிரியாணிக் கடை பாய், ஈ மொய்க்கும் என்றார். அனுமந்தையிலிருந்து வந்து எங்கள் பஜாரில் கருவாட்டுக் கடை போட்டிருந்த தம்பி எழுந்து, "நாத்தம் வருங்க. நாத்தம் அடிக்கிற ஊருக்கு எவன் சாமான் வாங்க வருவான்?" என்றார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டே அவர் கடைக்குப் போய்விடலாம்.

"கருவாட்டு வாசன வேற, நாத்தம் வேற" என்று அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்கும் ஒரு பயம் இருந்தது. அந்தத் தரிசு நிலத்துக்கு எதிரில்தான் கல்யாண மண்டபம். என் அண்டாக்களில் பாதி அந்த மண்டபத்தை நம்பித்தான் இருந்தன. என்னையறியாமல் எழுந்துவிட்டேன். "எதுத்தாப்ல குப்ப வந்தா அந்த மண்டபத்துல எவன் கல்யாணம் வைப்பான்? மாப்ள வீட்டுக்காரன் வாசலோட திரும்பிப் பூடுவான்" என்றேன். கைதட்டினார்கள். தலைவருக்குக் கண் மின்னியது. "இன்னிலேர்ந்து நம்ம சங்கத்துல மகளிர் அணி தொடங்கியாச்சு. நீதாம்மா தலைவி" என்றார். உறுப்பினர் யார் என்று கேட்டேன். அதுவும் நீதான் என்றார்.

கூட்டம் முடிந்து பஜார் வழியாக நடந்தபோது, மூட்டை மேல் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் பின்பக்கம் வட்டமாக உப்பு ஈரம். தலைவர் மண்டியில் சங்கம் கூடியது அதைப் பார்த்தே பஜாருக்குத் தெரிந்துவிட்டது. போராட்டம் நடக்கப் போகிற செய்தியை நாங்கள் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆடி மாதத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கண்டனக் கூட்டம் என்று முடிவானது. மேடையும் மைக்கும் எங்களுடையவை. ஊர் ஊராக ஆட்டோவில் அறிவிப்புச் செய்வதும் எங்கள் பொறுப்பு. என் வீட்டுக்காரர் கம்பீரமான குரலில் கேசட்டில் பேசிப் பதிவு செய்தார். "கடைகளை அடைத்து, நம் மண்ணைக் காக்க, குப்பைக் கிடங்கை விரட்ட, அணி திரண்டு வாரீர்" என்று அவர் பேசியபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. புது கேசட் வாங்க அவருக்கு மனமில்லை. அதற்கு முந்தைய வாரம் அம்மன் கோயில் கூழ் வார்க்கும் விழாவுக்குப் பேசியிருந்த கேசட்டிலேயே இதையும் பேசிவிட்டார். புதுப் பேச்சு சின்னது, பழைய பேச்சு பெரியது; அதன் வால் அழியாமல் நின்றுவிட்டது. ஆகவே பிரம்மதேசத்திலிருந்து கிளியனூர் வரைக்கும் ஆட்டோவில் கேட்டது இதுதான்: குப்பைக் கிடங்கை விரட்ட அணி திரண்டு வாரீர், பாத்திரத்துடன் வந்து கூழ் பெற்றுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கூட்டத்தன்று சாயந்திரம் தலைவர் மேடை ஏறிப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டு நிறையப் பெண்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் குடம், கையில் தூக்கு, சிலரிடம் குண்டான். தலைவர் பூரித்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"உன் அணி இவ்ளோ பெருசா? சொல்லவே இல்லியேம்மா" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே இறங்கிப் போனேன். முதல் வரிசையில் நின்ற அம்மா, "கூழ் எப்பம்மா ஊத்துவீங்க? பஸ்ஸு பூடும்" என்றார். திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து, நன்றாக இருந்த ஒயர் ஒன்றை மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கூழ் இல்லை என்று சொல்லியிருந்தால் குப்பைக் கிடங்கை விட்டுவிட்டு எங்களை விரட்டியிருப்பார்கள். ஓடிப்போய்ப் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யம்மா, எனக்குக் கூழ் காய்ச்சத் தெரியாது. நோன்புக் கஞ்சின்னா வெச்சுத் தர்றேன்."

"எதையாவது வைங்க பாய். தண்ணியா இருந்தா போதும்."

அடைத்த கடையின் பின்வாசலைத் திறந்து, என் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார். பூண்டும் வெந்தயமும் சீரகமும் மணக்க, நோன்பு மாதம் வருவதற்கு வெகுமுன்பே எங்கள் ஊரில் நோன்புக் கஞ்சி கொதித்தது. தலைவர் மேடையில் உப்பின் பெருமையைப் பற்றிப் பேசப் பேச, கீழே நான் கஞ்சி ஊற்றினேன். வாங்கிக் குடித்த ஒரு அம்மா, "இந்த வருசம் கூழு ரொம்ப நல்லா இருக்குது, யாரு காச்சுனது?" என்று கேட்டார். அம்மன் அருள் என்று சொல்லிவிட்டேன். பாயும் தலையை ஆட்டினார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கூட்டத்துக்கு ஒரு நிருபர் வந்திருந்தார். கஞ்சி கொதிப்பதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் பேப்பரில், குடங்களோடு நிற்கும் பெண்கள் படம் பெரிதாக வந்திருந்தது. அதன் மேல், மரக்காணத்தில் குடிநீர் கேட்டுக் காலிக்குடங்களுடன் பெண்கள் போராட்டம் என்று போட்டிருந்தது. குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சில நாட்களில் பஜாருக்குத் தண்ணீர் லாரி வந்து நின்றது.

தலைவர் மண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "ஏம்பா, நாங்க தண்ணி கேக்கலப்பா!"

லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்ற பெண் ஒருத்தி, "நீ கேக்கலன்னா போய் மண்டியில குந்து. நாங்க புடிச்சிக்கிறோம்" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் லாரி தவறாமல் வந்தது. எங்கள் போராட்டத்தில் ஊருக்குக் கிடைத்த முதல் நன்மை அது. தலைவர் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

ஒருவழியாக விஷயம் மேலே எட்டி, திண்டிவனத்திலிருந்து ஒரு ஆபீசர் எங்களைப் பார்க்க வந்தார். ஒல்லியான மனிதர். கோபமே வராத குரல். எங்கள் ஆட்சேபணையை எல்லாம் கேட்டுவிட்டு, "பக்கத்து மாவட்டத்துல இதே மாதிரி ஒரு எடம் நடக்குது. ஒரு தடவ வந்து பாருங்க. அங்க நாத்தம் இருந்துச்சுன்னா நானே வேணாம்னு எழுதிடறேன்" என்றார்.

ஆபீசர் போனதும் தலைவர் தொடையைத் தட்டினார். "மாட்டிக்கிட்டாரு! குப்பன்னா நாத்தம் இல்லாம இருக்குமா? வேன வுட்டு எறங்குன ஒடனே எல்லாரும் மூக்கப் பொத்தணும். ஒருத்தர் வுடாம!" மண்டியில் வைத்து எங்களுக்கு ஒத்திகையே நடத்தினார். கைக்குட்டையை எடுப்பது, முகத்தைச் சுளிப்பது, ஆபீசர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டுவது. பாய் மட்டும் ஒவ்வொரு முறையும் முந்திச் சுளித்து, தலைவரிடம் திட்டு வாங்கினார்.

வேன் காலையில் கிளம்பியது. நல்ல வெயில். திண்டிவனம் தாண்டியதுமே லேசாக ஒரு வாடை வர ஆரம்பித்தது. போகப் போக அது கூடியது. தலைவர் முன் சீட்டிலிருந்து திரும்பினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாத்தீங்களா? எடம் வர்றதுக்கு முன்னாடியே அடிக்குது! எத்தினி மைலுக்கு அடிக்குது பாருங்க!"

"இன்னும் ரொம்ப தூரம் இருக்குதுங்க" என்றார் டிரைவர்.

"அதத்தாம்பா நானும் சொல்றேன்!"

நாங்களும் ஜன்னல் கண்ணாடிகளை இழுத்து மூடினோம். மூடிய பிறகு வாடை இன்னும் அதிகமானது. அது ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கருவாட்டுத் தம்பி மட்டும் கடைசி சீட்டில் எதையும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இடம் வந்தது. கேட்டில் ஆபீசர் நின்றிருந்தார். நாங்கள் கைக்குட்டையும் முந்தானையுமாக இறங்கி, ஒத்திகை பார்த்தபடி மூக்கைப் பொத்தினோம். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே போனதும் நான் மெதுவாக ஒரு ஓரம் திறந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. உள்ளே வரிசையாக வேப்ப மரம். நிழலில் கையுறை போட்ட பெண்கள் உட்கார்ந்து பிளாஸ்டிக்கை ஒரு பக்கமும் மற்றதை ஒரு பக்கமும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. உரக்குழிகளிலிருந்து மழை பெய்த தோட்டத்து மண் மாதிரி ஒரு மணம். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. அதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை, மகளிர் அணித் தலைவி அப்படிச் சொல்லலாமா?

தலைவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு ஒவ்வொரு குவியலாகப் போய்க் குனிந்து மோந்து பார்த்தார். கொட்டகைக்குப் பின்னால் போனார். சுவரை மோந்தார். ஆபீசர் பொறுமையாகக் கூடவே நடந்தார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் வேன் நின்ற இடத்துக்கு வந்ததும் தலைவர் நின்றார். மூக்கு விரிந்தது.

"இதோ! இதோ அடிக்குது சார்! வந்து பாருங்க! இதுக்கு இன்னா சொல்றீங்க?"

ஆபீசரும் வந்தார். மோந்து பார்த்தார். "ஆமாங்க, அடிக்குது" என்று ஒப்புக்கொண்டார். நாங்கள் எல்லாரும் சந்தோஷமாக மறுபடியும் மூக்கைப் பொத்தினோம். ஆபீசர் வாடை வந்த வழியே நடந்து, வேனின் பின்கதவைத் திறந்து, கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து மூடி போட்ட ஒரு பெரிய பனையோலைக் கூடையை இழுத்தார்.

கருவாட்டுத் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"உங்களுக்குத்தான் சார் கொண்டாந்தேன். நெத்திலியும் வாளையும். மொத தரம் சார்."

ஆபீசர் கூடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சைவம்ப்பா" என்றார்.

திரும்பி வரும்போது தலைவர் ஒரு தடவை கூடப் பின்னால் பார்க்கவில்லை. திடீரென்று பாயின் தோள்கள் குலுங்கின. அதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. அப்புறம் டிரைவர் வண்டியை ஓரம் கட்டும்படி ஆகிவிட்டது. "கருவாட்டு வாசன வேற, நாத்தம் வேறன்னியேடா!" என்று தலைவர் கத்தினார். அவர் கண்ணிலும் தண்ணீர். சிரித்து வந்ததா, வேறு எதனாலா என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல் போராட எங்களிடம் ஒரு நியாயமும் மிச்சமில்லை. ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருடம் விடாமல் பெய்த மழை. மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு நாள் ஆபீசர் கடைசியாக நிலத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வருகிறார் என்று தகவல் வந்தது. சும்மா விடக் கூடாது என்று தலைவர் எங்கள் மைக் செட்டை ஆட்டோவோடு ரோட்டோரம் கொண்டுவந்து நிறுத்தி, கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் பின்னால் நின்று கோஷம் போட்டோம்.

ஆபீசரின் ஜீப் வந்தது. ரோட்டை விட்டு இறங்கி நிலத்துக்குள் திரும்பியது. ஜீப் டிரைவர் மேட்டு ஊர்க்காரர், உப்பு மண்ணைப் பற்றித் தெரியாதவர். உப்பு மண் மேலே வெளுத்து, பார்க்க சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருக்கும். மழை பெய்த பிறகு அதற்கு அடியில் பொங்கல் பதத்தில் சேறு. எங்கள் ஊர் மாடு கூட அதில் கால் வைக்காது. தலைவர் பதறிவிட்டார்.

"சார்! அங்க போவாதீங்க சார்! போவாதீங்க!" என்று மைக்கில் அலறினார்.

எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் அதையும் கோஷம் என்று நினைத்து, "போவாதீங்க! போவாதீங்க!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஆபீசரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஜீப்பிலிருந்து மரியாதையாகக் கையை ஆட்டிவிட்டு மேலே போனார். கொஞ்ச தூரம் போனதும் ஜீப் தலையைக் குனிந்தது. முன் சக்கரம் இரண்டும் காணாமல் போயின. டிரைவர் வேகம் கொடுக்கக் கொடுக்கப் பின் சக்கரமும் இறங்கிவிட்டது.

எதிரி என்று பார்க்க முடியுமா? கடையிலிருந்து பந்தல் கயிறு, சவுக்குக் கம்பம், மேடைப் பலகை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். பலகை போட்டு முதலில் ஆபீசரை வெளியே எடுத்தோம். அவருடைய ஷூ இரண்டும் உள்ளேயே தங்கிவிட்டன. தலைவர் வெள்ளைச் சட்டையோடு முழங்கால் வரை சேற்றில் இறங்கி ஜீப்பைத் தள்ளினார். கருவாட்டுத் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடற்கரையில் மீனவர்கள் கரைவலை இழுக்கிற மாதிரி குரல் கொடுத்தார். அவர் ஊர் வழக்கப்படி இழுத்ததால்தான் ஜீப் வந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆபீசர் வெறுங்காலோடு வரப்பில் நின்று பாய் கொடுத்த டீயைக் குடித்தார். டம்ளரோடு அப்படியே வரப்பு மேல் நடந்தவர், ஓரிடத்தில் குனிந்து ஒரு கேரி பேக்கை எடுத்தார். அதில் அச்சடித்திருந்த கடையின் பெயரைச் சத்தமாகப் படித்தார். அடுத்ததை எடுத்தார், படித்தார். பாயின் பிரியாணிக் கடை வந்தது. மளிகைக் கடை வந்தது. தலைவரின் உப்புச் சாக்கு வந்தது. மழைத் தண்ணீர் அரித்து, அத்தனை வருடமும் எங்கள் பஜார் கொண்டுபோய்க் கொட்டிய எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து வைத்திருந்தது.

"குப்பக் கெடங்கு வேணாம்னீங்க" என்றார் அவர், அதே கோபமில்லாத குரலில். "ஏற்கெனவே ஒண்ணு வெச்சிருக்கீங்களே."

கருவாட்டுத் தம்பி மட்டும் கையைத் தூக்கினார். "என் கடையோடது ஒண்ணும் இருக்காது சார். நான் பேப்பர்லதான் மடிச்சுக் குடுக்குறேன்." தலைவர் பார்த்த பார்வையில் அவர் கையை இறக்கிக்கொண்டார்.

ஆபீசர் டம்ளரைப் பாயிடம் கொடுத்தார். "என் ஜீப்பே நிக்கல, லாரி எங்க நிக்கப் போவுது? இந்த எடம் சரிப்படாதுன்னு எழுதிடறேன்" என்றார். எங்களுக்குக் கைதட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. "ஆனா இத நீங்க அள்ளணும். நான் வந்து பாப்பேன்."

சொன்னபடியே எழுதினார். நிலம் உப்பள நிலமாகவே நின்றது. கிடங்கு எங்கோ உள்ளே மேட்டுப் பக்கம் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். மண்டபம் பிழைத்தது, அதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அந்த வேப்ப மரங்களையும் ரேடியோவையும் நினைத்துக்கொண்டால், ஜெயித்தோம் என்று சொல்ல வாய் கொஞ்சம் தயங்கும்.

மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கடையை அடைத்துவிட்டுக் குப்பை அள்ளப் போனோம். தலைவர் மண்வெட்டியோடு வந்தார். பாய் எல்லாருக்கும் சாப்பாடு வைத்திருந்தார். வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது. ஓரிடத்தில் மண்வெட்டி பட்டு 'டங்' என்று கேட்டது. குனிந்து இழுத்தால், மண்டபத்து எச்சிலிலைக் குப்பைக்குள் என் கடைக் கரண்டி, காம்பில் எங்கள் முத்திரையோடு. பக்கத்தில் தோண்டினால் இன்னொன்று. அப்புறம் ஒரு ஜல்லிக் கரண்டி, மூடி ஒன்று, அடி நசுங்கிய பாயசப் போசி. எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று கல்யாண வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்னிடம் சாமி மேல் சத்தியம் செய்திருப்பார்கள்! சேறு ஒழுக ஒழுக எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

கருவாட்டுத் தம்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏக்கா, அந்தக் கெடங்கு வந்திருந்தா இதெல்லாம் அவங்களே பிரிச்சு, கழுவிக் குடுத்திருப்பாங்கல்ல?"

"டேய், வாய மூடிட்டு அள்ளுடா" என்றார் தலைவர்.